நான் பார்த்தால் மட்டும் பெய்யும் மழை

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர் வேலை" என்று அக்கா எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதன் பலனாக, தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யாராவது உடைந்த போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் போன் திருத்துகிறவள் இல்லை. சின்னப் பெட்டிகளுக்குள் இருக்கிற சில்லுகளுக்கு நிரல் எழுதுகிறவள். அந்தப் பெட்டிகளுக்குத் திரை கிடையாது, பொத்தான் கிடையாது. உள்ளே என்ன ஓடுகிறது என்று வெளியிலிருந்து ஒருவருக்கும் தெரியாது. அதைப் பார்ப்பதிலேயே என் ஆயுசில் பாதி போகிறது.

ஓடுகிற நிரலுக்குள் சில எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடப் புத்தகம் அவற்றை மாறிகள் என்று சொல்லும். நிரலை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அவற்றைப் பார்ப்பது மிகச் சுலபம். ஆனால் நிறுத்திய நேரத்தில் வெளியே நடப்பது எதுவும் பெட்டிக்குத் தெரியாது. மழையை எண்ணுகிற நிரலை நிறுத்தினால், அந்த நேரத்தில் கொட்டிய மழை கணக்கிலேயே வராது. ஆகவே ஓட விட்டபடியே பார்க்க வேண்டும். அடுப்பை அணைக்காமல் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி.

இப்படி நான் பார்த்துக்கொண்டிருந்த பெட்டிகளில் ஒன்று, நான் பிறந்த தோட்டத்திலேயே நின்றது. தெஹியோவிட்டவில் பஸ் இறங்கி, மேலே திரீவீலரில் போக வேண்டும். ரப்பர் தோட்டம். எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். ஒரு வருடம் பெருமழையில் அந்த மலையில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இந்த லயத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது, வேறு வீடு கட்டித் தருவோம் என்றார்கள். வேறு வீடு வரும் வரைக்கும் ஒரு மெஷின் தந்தார்கள். அந்த மெஷினைச் செய்தது கொழும்பில் நான் வேலை செய்கிற இடம். அதற்குள் இருக்கிற நிரலை எழுதியது நான். அந்த லயத்தின் கடைசி வீட்டில், மலைக்கு முதுகைக் காட்டியபடி இருப்பது என் அக்காவும் அத்தானும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும்.

ஆகவே இந்தப் பெட்டியில் ஏதாவது பிழையானால், பிழையாவது வேலை மட்டும் இல்லை. இதை என் மேலதிகாரியிடம் எத்தனையோ தடவை சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன். சொன்னால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்.

மெஷின் சின்னதுதான். லயத்துக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பம், அதன் தலையில் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒரு புனல். புனலில் விழுகிற மழை உள்ளே இருக்கிற சின்னத் தட்டில் சேரும். தட்டு நிறைந்ததும் ஒரு பக்கம் சரிந்து ஊற்றிவிட்டுத் திரும்பும். ஒவ்வொரு சரிவுக்கும் எண் ஒன்று கூடும், மறுநாள் காலையில் பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கும். எண் ஓர் அளவைத் தாண்டினால் கோயில் கூரையில் கட்டியிருக்கிற சங்கு அலறும். அலறினால் எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். கம்பம் சாய்கிறதா என்று பார்க்கவும் பெட்டிக்குள் ஒன்று வைத்திருந்தோம், ஏனென்றால் கம்பம் சாய்ந்தால் அதன் காலடி மண் நகர்கிறது என்று அர்த்தம்.

இந்த எண்களுக்கு நான் தமிழில் பெயர் வைத்திருந்தேன், ஆங்கில எழுத்தில். மழைக்கு மழை. சாய்வுக்குச் சாய்வு. சங்கு அடிக்க வேண்டிய நிலைக்கு ஓடு. மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. "நங்கி, நாளைக்கு நீ வேலையை விட்டுப் போனால் இதை யார் வாசிப்பது?" என்று, தங்கை என்பதற்கான சிங்களச் சொல்லால் கூப்பிட்டுக் கேட்டார். நான் போகப்போவதில்லை என்று சொன்னேன். அதற்கும் அவர் முகத்தில் நிம்மதி தெரியவில்லை.

மெஷினைப் பூட்டிய பிறகு, பெட்டி தன் எண்களை ஒரு சிம் அட்டை வழியாகக் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கியது. முதல் கிழமை ஏழு நாளும் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு மழை பூச்சியத்தில் நின்றது. சரி, வெயிலாக்கும் என்று விட்டேன். அடுத்த நாளும் பூச்சியம். அவிசாவளையில் வீதியில் தண்ணீர் ஓடுகிறது என்று செய்தியில் காட்டுகிறார்கள், அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லையாம். அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அங்க மழை பேயுதா?"

"என்ன கேக்கிற? வெளங்கல."

"மழை, மழை."

"அதான் பேயுதே. தகரம் ஒடையிற மாதிரி பேயுது. ஒன்னும் கேக்கல, பொறகு பேசு."

தகரக் கூரையில் மழை இடிக்கிற சத்தம் போனில் அப்படியே வந்தது. என் திரையில் மழை, பூச்சியம்.

அன்றைக்குத் தொடங்கியது தலைவலி. கையாலாகாத நிரலை எழுதிவிட்டேனோ என்று வரி வரியாகப் பார்த்தேன். மேலதிகாரி ஒரு பக்கம் நின்று, "வொலட்டைல் போட்டாயா?" என்று கேட்டார். எந்த நேரமும் வெளியிலிருந்து மாறக்கூடிய எண் இது, பழைய ஞாபகத்தை நம்பாதே, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போய்ப் பார் என்று, நாம் எழுதுவதைச் சில்லின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலருக்குச் சொல்கிற ஒரு சொல் அது. போட்டிருந்தேன். மறுநாளும் கேட்டார். போட்டிருக்கிறேன் என்றேன். அதற்கு அடுத்த நாள் தேநீர்க் கோப்பையோடு வந்து, "இல்லை, வொலட்டைல்..." என்று தொடங்கினார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நேரில் போய்ப் பார்ப்பதென்று முடிவானது. வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, மடிக்கணினியும் வயரும் தூக்கிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் கம்பத்தைச் சுற்றிப் புல் வெட்டியிருந்தது. பின்னால் ஓடுகிற தண்ணீர்க் கான் துப்புரவாக இருந்தது. பெட்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டு. எங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் ஊறியது. தோட்ட நிர்வாகியான தொரை வருகிறார் என்றால், அந்தக் காலத்திலிருந்தே, கல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு அடித்து வைப்பார்கள். இப்போது அத்தானின் கொழுந்தியாள் நான் வருவதற்கும் அதே மரியாதை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

வயரைச் செருகி, நிரலை ஓட விட்டபடி எண்களைப் பார்த்தேன். அத்தான் ஏணியில் நின்று செம்பால் புனலில் தண்ணீர் ஊற்றினார். மழை ஒன்று. மழை இரண்டு. மழை மூன்று. ஒரு பிசகு இல்லை. மத்தியானம் உண்மையான மழையும் வந்தது. அதையும் சொட்டுச் சொட்டாக எண்ணியது. கம்பத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டிக் கிடந்தது. ரப்பர் தோட்டத்தில் எல்லாவற்றிலும் ஏதாவது ஒட்டித்தான் கிடக்கும், துணியால் துடைத்துவிட்டேன். அக்கா சமைத்த மரவள்ளிக் கிழங்கும் கருவாடும் சாப்பிட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்தேன்.

வந்து கொஞ்ச நாளில் மழை மறுபடி பூச்சியம்.

எனக்குத் தொழில் தெரியும். நாம் பார்க்கும்போது ஒளிந்துகொள்கிற பிழைகள் உண்டு. வயரைச் செருகினால் நிரலின் வேகம் ஒரு நூலளவு மாறும், அந்த நூலளவில் பிழை மறைந்துவிடும். இது அந்த வகைதான் என்று முடிவு கட்டி, வாரக்கணக்கில் அதன் பின்னால் அலைந்தேன். தட்டு சரியும்போது வருகிற துடிப்பு மிகக் குறுகியதோ என்று பார்த்தேன். நினைவகத்தில் பக்கத்து எண் வழிந்து இதை அழிக்கிறதோ என்று பார்த்தேன். மேசை மேல் அதே மாதிரி இன்னொரு பெட்டியை வைத்து, ஆணியில் துளையிட்ட போத்தலைத் தொங்கவிட்டு நாள் முழுக்கச் சொட்ட விட்டேன். மேசை நனைந்தது, பெட்டி ஒழுங்காக எண்ணியது. மேலதிகாரி கடைசியில், "நங்கி, அங்கே உண்மையிலேயே மழை பெய்கிறதா? உன் ஆட்கள் சும்மா சொல்கிறார்களோ?" என்று கேட்டார். நான் போத்தலை எடுத்து மறுபடி நிரப்பப் போனேன். பதில் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

இரண்டாம் தடவையும் சொல்லிவிட்டுப் போனேன். மறுபடி புல் வெட்டியிருந்தது, மறுபடி பொட்டு, மறுபடி எல்லாம் சரி. இந்த முறை பெட்டிக்கு ஒரு செவ்வரளி மாலையும் போட்டிருந்தார்கள். எனக்கு அந்த மாலையைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது. கடைசியில் இருக்கிற அக்காவின் வீட்டைப் பார்த்தேன், அதற்கு மேலே தொங்குகிற மலையைப் பார்த்தேன். நான் இல்லாத நேரத்தில் குருடாகிற ஒரு காவல்காரனை இவர்கள் தலைமாட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது தடவை சொல்லவில்லை. திட்டம் போட்டெல்லாம் இல்லை. கேகாலையில் ஒரு கூட்டம், சீக்கிரம் முடிந்துவிட்டது. புளத்கொகுபிட்டியப் பக்கத்தால் வருகிற பஸ்ஸில் ஏறினேன். போன் எடுத்தேன், சிக்னல் இல்லை. இறங்கும்போது நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு நேரே லயத்துக்குப் பின்னால் போனேன்.

கம்பத்தின் தலையில் பாவாடை கட்டியிருந்தது.

ரப்பர்த் தோட்டம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மழைக் காலத்தில் மரத்தில் வெட்டின இடத்தில் தண்ணீர் இறங்கினால் பால் கெட்டுவிடும். அதனால் வெட்டுக்கு மேலே, மரத்தைச் சுற்றி, பாலித்தீனைச் சுருக்கம் வைத்து, தார் மாதிரி ஒரு பசையால் ஒட்டிவிடுவார்கள். ரெயின்காட் என்று பெயர். மலை முழுக்க மரங்கள் பாவாடை கட்டி நிற்கும். அத்தான் வருடா வருடம் நூற்றுக்கணக்கில் கட்டுகிறவர், கை சுத்தம். எங்கள் மெஷினுக்கும் அழகாகச் சுருக்கம் வைத்து ஒன்று கட்டியிருந்தார். புனலை மூடி, பெட்டியை மூடி, ஒரு சொட்டு உள்ளே போகாமல். மழை அதன் மேல் விழுந்து வழுக்கிக் கொண்டு கீழே ஓடியது.

நான் அங்கேயே குடையோடு நின்றேன். அழுவதா, சிரிப்பதா, கல்லை எடுத்து எறிவதா என்று தெரியவில்லை. அத்தான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"தங்கச்சி, சொல்லாம வந்துட்டீங்களே. சொல்லியிருந்தா கழட்டி வச்சிருப்பேன்ல."

"அத்தான், இது என்ன?"

"ரெயின்காட்."

"அது தெரியுது. இதுக்கு ஏன் கட்டினீங்க?"

"நனையாம இருக்கத்தான். கரண்டு சாமான், நனைஞ்சா கெட்டுப் போகும்ல. நீங்க கஷ்டப்பட்டு செஞ்சது."

"அத்தான், இது நனையத்தான் இருக்கு. நனைஞ்சாத்தான் இது வேல செய்யும்."

அவர் கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மரமும் மழையில நிக்கிறதுதானே. அதுக்கும் கட்டுறோம்ல," என்றார்.

அக்கா கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் கோபம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. "நீயாவது சொல்லியிருக்கலாம்ல? எத்தன தடவ போன் எடுத்துக் கேட்டேன்?"

"நீ மழை பேயுதான்னுதானே கேட்ட," என்றாள் அக்கா. "பேயுதுன்னு சொன்னேன். ரெயின்காட்ட பத்தி நீ கேக்கவே இல்லயே. அது ஒனக்கு தெரியும்னு நெனச்சேன்."

"நான் வர்றப்ப ஏன் கழட்டினாரு?"

"நீ செக் பண்ண வர்ற. பாலித்தீன கட்டி அசிங்கமா வச்சிருக்கலாமா?"

மாதக்கணக்கில் நான் ஒரு பிழையைத் தேடி அலைந்தது நினைவகத்தில், துடிப்பில், கம்பைலரில். பெட்டிக்குத் தெரியாமல் அதன் எண்களைப் பார்க்க எனக்கு ஆயிரம் வழி தெரியும். என் சொந்த ஆட்களுக்குத் தெரியாமல் அவர்களைப் பார்க்க ஒரு வழியும் தெரியவில்லை. நான் வருகிறேன் என்றாலே எல்லாவற்றையும் நேராக்கி, பொட்டு வைத்து, சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "இது என்னோட கண்ணு அத்தான். கொழும்புல இருந்து ராத்திரி பகலா நான் ஒங்கள இதுலதான் பாத்துக்கிட்டு இருக்கேன். இத மூடுனா நீங்க இருக்கீங்களா செத்தீங்களான்னு எனக்கு தெரியாது. வெளங்குதா?" என்றேன். அத்தான் முகம் சிறுத்துப்போனது. "ஹரி, ஹரி, சரி. இனிமே தொடல," என்றார். அவரே ஏணி வைத்து ஏறி, பாவாடையைக் கத்தியால் கீறி எடுத்தார். பையிலிருந்த மடிக்கணினியைச் செருகினேன், திரையில் மழை ஏறத் தொடங்கியது.

அதற்குப் பிறகு எண்கள் ஒழுங்காக வந்தன. மேலதிகாரியிடம் காரணத்தைச் சொல்லவில்லை. வொலட்டைல் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தார்.

அந்த வருடத்துப் பெருமழை ஒரு மத்தியானத்தில் வந்தது. காலையிலிருந்தே மழை ஏறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தேன், சாப்பிடவில்லை. எண் அளவைத் தாண்டியது. ஓடு என்று நான் பெயர் வைத்த மாறி பூச்சியத்திலிருந்து ஒன்றுக்கு மாறியது. அங்கே சங்கு அலறுகிறது என்று அர்த்தம். அந்த நிலைக்குப் போனால் பெட்டி இடைவிடாமல் எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும், அப்படித்தான் எழுதியிருந்தேன். அக்காவுக்குப் போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

என்னால் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. மழை எவ்வளவு, பெட்டிக்குள் சூடு எவ்வளவு, பேட்டரி எவ்வளவு. என் அக்கா வீட்டை விட்டு இறங்கினாளா என்பதைச் சொல்ல மட்டும் எந்த எண்ணும் இல்லை.

திடீரென்று மழை நின்றது. பெய்வது நிற்கும்போது எண் ஏறுவது மெல்ல மெல்லத்தான் அடங்கும், இது வெட்டியது போல அதே இடத்தில் நின்றது. என் வாயில் முதலில் வந்தது கெட்ட வார்த்தை. மறுபடியும் மூடிவிட்டார் மனுஷன் என்று நினைத்தேன். அடுத்த கணம் சாய்வைப் பார்த்தேன். மெஷினைப் பூட்டிய நாளிலிருந்து அசையாத எண் அது. இப்போது துள்ளியது. இருபது, ஐம்பது, பிறகு தொண்ணூறையும் தாண்டியது. கம்பம் தரையோடு படுத்துவிட்டது. அதன் காலடி மண் போய்விட்டது. கம்பத்துக்குக் கீழே இருப்பது கடைசி வீடு.

மேலதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவரும் எண்ணைப் பார்த்தார். தன் போனை எடுத்துக் கேகாலை அதிகாரிகளை அழைக்கத் தொடங்கினார். நான் அக்காவின் நம்பரையே அழுத்திக்கொண்டிருந்தேன். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. திரையில் சாய்வு ஆடிக்கொண்டே இருந்தது. விழுந்த கம்பம் இவ்வளவு நேரம் ஏன் ஆடுகிறது என்று யோசிக்கிற மூளை அப்போது எனக்கு இல்லை.

கடைசியில் போனை எடுத்தது அத்தான். மூச்சு வாங்கியது. பின்னால் ஒரே இரைச்சல், பிள்ளைகள், யாரோ அழுகிறார்கள், யாரோ பெயர் கூப்பிடுகிறார்கள்.

"எங்க இருக்கீங்க? அக்கா எங்க?"

"இஸ்கூல்ல. எல்லாரும் இங்கதான் இருக்கோம். ஒங்க அக்கா புள்ளைங்களோட முன்னுக்கே வந்துட்டா. நான் இப்பத்தான் வந்தேன்."

"ஏன் இப்ப வந்தீங்க? சங்கு அடிச்சா ஓடணும்னு சொல்லியிருக்குல்ல?"

"மெஷின கழட்டுனேன். ரெண்டு நட்டும் இறுகிப் போச்சு, அதான் சொணங்கிருச்சு. பாலித்தீன சுத்தி தோள்ல வச்சுக்கிட்டு வந்தேன். எறங்கி வந்து கொஞ்ச நேரத்துல மலை இடிஞ்ச சத்தம் கேட்டுச்சு. நம்ம குசினி போயிருச்சாம். கம்பம் நின்ன எடமும் இல்லயாம்."

அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "ஒங்களுக்கு பைத்தியமா அத்தான்? அது ஒரு பெட்டி. ஒன்னு போனா இன்னொன்னு செய்வேன். அதுக்காக மலை விழற நேரத்துல அங்க நின்னு நட்டு கழட்டுவீங்களா?"

நான் ஏன் கோபப்படுகிறேன் என்று உண்மையாகவே விளங்காத குரலில் அவர் சொன்னார்.

"நீங்கதானே சொன்னீங்க தங்கச்சி, இதுலதான் எங்கள பாக்கிறேன்னு. நாங்க எல்லாம் இங்க வந்துட்டோம். அத அங்கயே விட்டுட்டு வந்தா, நீங்க எங்கள எப்படி பாப்பீங்க?"

போனை வைத்தேன். திரையில் மழை நின்ற இடத்திலேயே நின்றது. ஓடு இன்னும் ஒன்றில்தான் இருந்தது. சாய்வு மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். தொட வேண்டாம், உள்ளே தட்டு உடைந்துவிடும் என்று சொல்ல மறுபடி போனைக் கையில் எடுத்தேன். எண் துள்ளிக்கொண்டே இருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டேன்.